கப்பல் விட்டுப்போன பிள்ளைகள்: அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் குடிவரவு விவகாரங்களைக் கவனிக்கும் துணைக்குழுக்களின் உறுப்பினர்கள்

மாண்புமிகு உறுப்பினர்களே,

1982 அக்டோபர் 22 அன்று அதிபர் ரீகன் கையெழுத்திட்ட அமெரேசியக் (அமெரிக்கத் தந்தைக்கும் ஆசியத் தாய்க்கும் பிறந்தவர்) குடிவரவுச் சட்டம் ஐந்து நாடுகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது: கொரியா, வியட்நாம், லாவோஸ், கம்பூச்சியா (இன்றைய கம்போடியா), தாய்லாந்து. இந்த நாடுகளில் 1950 டிசம்பர் 31க்குப் பிறகும் 1982 அக்டோபர் 22க்கு முன்பும் அமெரிக்கக் குடிமகனுக்குப் பிறந்த பிள்ளைகள் உங்கள் நாட்டில் குடியேற மனுச் செய்யலாம். உங்கள் சூபிக் கடற்படைத் தளமும் கிளார்க் விமானப்படைத் தளமும் இருந்த பிலிப்பைன்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் தளங்கள் உள்ள ஒக்கினாவாவைக் கொண்ட ஜப்பானும் இல்லை. சேர்க்கக் கோரும் மசோதாக்கள் உங்கள் அவைக்கு வந்தன. ஒன்றும் தேறவில்லை. நாற்பது ஆண்டுக்கு மேலாகியும் பட்டியல் அதே ஐந்து பெயர்களோடு நிற்கிறது. இதை மறதி என்று இனியும் நாங்கள் எடுத்துக்கொள்ளத் தயாராக இல்லை.

இதை எழுதும் நாங்கள், அமெரேசியர்களுக்குத் தந்தை வழி உறவைத் தேடிக் கொடுக்கும் வேலையில் ஈடுபட்டிருக்கும் தமிழர்கள். தமிழில் எழுதுவது, உங்கள் தொகுதிகளில் வாக்களிக்கும் தமிழர்கள் இதைப் படித்துவிட்டு உங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்ய வேண்டும் என்பதற்காக. கிரீன் கார்டு வரிசை என்றால் என்னவென்று அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பாண்டிச்சேரியிலிருந்து பிரெஞ்சுப் படையில் சேர்ந்து சைகோன் போனவர்களின் குடும்பங்களில் வியட்நாமியப் பாட்டிகளை அறிந்தவர்களும் அவர்களில் உண்டு. படைவீரன் பிள்ளையைத் தன் பிள்ளை என்று ஊருக்கு அழைத்து வந்தால் அந்தப் பிள்ளை வாழ்வு எப்படி மாறும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சூபிக் தளத்தை ஒட்டிய ஊரான ஒலோங்கப்போவின் தெருக்களில் அமெரேசியப் பிள்ளைகளைச் சீண்டச் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: 'இனிவான் நங் பார்கோ'. கப்பல் விட்டுப்போனது என்று பொருள். வெள்ளைத் தோலுள்ள பிள்ளைக்கு அது கேலி. கறுப்பினத் தந்தைக்குப் பிறந்து சுருட்டை முடியோடு வளர்ந்த பிள்ளைக்கு அதோடு நிற்பதில்லை. பள்ளியில் கடைசி பெஞ்சு, வேலை கேட்டுப் போனால் வாசலிலேயே பதில். தளங்கள் மூடிய காலத்தில் பிலிப்பைன்ஸில் இருந்த அமெரேசியர்கள் 52,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஆளாளாய் எண்ணிய கணக்கல்ல அது. அவர்களை எண்ண வேண்டும் என்று எந்த அரசும் நினைக்கவில்லை.

பிலிப்பைன்ஸை விட்டதற்கு அப்போது சொல்லப்பட்ட காரணம், அது போர் நடந்த மண் அல்ல என்பது. தாய்லாந்து மட்டும் போர் நடந்த மண்ணா? உ-தபாவோ போன்ற தளங்களிலிருந்து உங்கள் விமானங்கள் கிளம்பிப் போனதால்தான் தாய்லாந்துப் பிள்ளைகள் பட்டியலில் இடம்பெற்றார்கள். அதே வியட்நாம் போருக்கு உங்கள் ஏழாவது கடற்படைப் பிரிவின் கப்பல்கள் பழுது பார்த்துக்கொண்டதும், எரிபொருள் நிரப்பியதும், மாலுமிகளைக் கரைக்கு அனுப்பி ஓய்வு கொடுத்ததும் சூபிக்கில். ஒரே போரின் பின்வாசல்களில் ஒன்றுக்கு ஒரு நீதி, இன்னொன்றுக்கு வேறு நீதியா?

இதைவிட வலிக்கும் ஒன்று உண்டு. 1987 டிசம்பரில் நீங்கள் நிறைவேற்றிய அமெரேசியர் தாயகம் திரும்பும் சட்டத்தின்படி, 1962 ஜனவரி 1 முதல் 1976 ஜனவரி 1 வரை வியட்நாமில் பிறந்த 20,000க்கு மேற்பட்ட அமெரேசியர்கள், 50,000க்கு மேற்பட்ட உறவினர்களோடு அமெரிக்கா வந்தார்கள். நல்ல காரியம், காலம் தாழ்ந்தாலும். அவர்களில் பெரும்பாலோரை நேராக அமெரிக்காவுக்கு விமானம் ஏற்றவில்லை. முதலில் பிலிப்பைன்ஸின் பத்தான் மாகாணத்தில் மோரோங் என்ற ஊரில் இருந்த அகதிகள் மையத்தில் சுமார் ஆறு மாதம் தங்க வைத்து ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தீர்கள். மோரோங், சூபிக் தளத்துக்கு அடுத்த நகராட்சி. ஒரு நாட்டு அமெரேசியருக்கு அமெரிக்க வாழ்க்கைக்கான வகுப்பு நடந்த இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், அதே வயதுப் பிலிப்பினோ அமெரேசியர் வேலிக்கு வெளியே நின்றார்கள்.

இப்போது சட்டத்தின் உள்ளே வருவோம். "பிலிப்பைன்ஸ் என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் போதுமே" என்று உங்களில் சிலர் நல்லெண்ணத்தோடு சொல்லக்கூடும். போதாது. ஏன் என்பதை விவரமாகச் சொல்கிறோம், ஏனென்றால் முந்தைய முயற்சிகள் பலவும் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டன.

1982 சட்டம் தனி விசா எதையும் உருவாக்கவில்லை. குடும்ப விசாவில் ஏற்கெனவே இருக்கும் வகைகளில் அமெரேசியரைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. 21 வயதுக்குக் கீழ், மணமாகாதவர் என்றால் வரிசை இல்லை. 21 தாண்டி மணமாகாதவர் என்றால் முதல் முன்னுரிமை வகை. மணமானவர் என்றால் மூன்றாம் முன்னுரிமை வகை. சூபிக்கைவிட்டு உங்கள் கடைசிக் கப்பல் போனது 1992 நவம்பர் 24. அதன் பிறகு, கருவில் வளரும் 266 நாளைக் கூட்டினால், அந்தக் காலத்தின் கடைசிப் பிள்ளை பிறந்திருப்பது 1993 ஆகஸ்டு வாக்கில். ஆக, இன்று அவர்களில் 21 வயதுக்குக் கீழ் ஒருவரும் இல்லை. பெரும்பாலோர் மணமாகிப் பிள்ளை பெற்றவர்கள். பேரப்பிள்ளை கண்டவர்களும் உண்டு. மணமான எல்லோரும் மூன்றாம் முன்னுரிமையில் போய் நிற்க வேண்டும். பிலிப்பைன்ஸுக்கு அந்த வரிசை 20 ஆண்டுக்கு மேல் நீள்கிறது. ஐம்பத்தைந்து வயதில் மனுப் போட்டவருக்கு எழுபத்தைந்தில் அழைப்பு வரும்.

சட்டத்தின் தேதியும் ஒரு பொறி. 1982 அக்டோபர் 22க்கு முன் பிறந்திருக்க வேண்டும் என்ற வரியை அப்படியே வைத்துக்கொண்டு நாட்டின் பெயரை மட்டும் சேர்த்தால், தளங்கள் முழு வீச்சில் இயங்கிய கடைசிப் பத்து ஆண்டுகளில் பிறந்த அத்தனை பேரும் விழுந்துவிடுவார்கள். போதாததற்கு, குடிமகனாகவோ நிரந்தரக் குடியிருப்பு பெற்றவராகவோ உள்ள ஒருவர், வறுமைக் கோட்டின் 125 விழுக்காடு அளவுக்கு ஐந்து ஆண்டு ஆதரிப்பதாக எழுதிக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் ஒருவரையும் தெரியாத, தந்தையின் பெயரே தெரியாத மனுதாரர் அப்படி ஒருவரை எங்கே போய்த் தேடுவார்? 1982 சட்டத்தில் தாய்க்கும் உடன்பிறந்தாருக்கும் கூடவே வரும் வழி கிடையாது. பதினெட்டு வயதுக்குக் கீழ் இருந்தால் தாய், பிள்ளையைத் திரும்பக் கேட்க மாட்டேன் என்று கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்றுதான் அது சொன்னது. 1987 சட்டத்தில் இந்தக் குறைகளில் பெரும்பாலானவற்றை நீங்களே திருத்தினீர்கள்: ஆண்டு ஒதுக்கீட்டுக்கு வெளியே விசா, நெருங்கிய குடும்பம் கூடவே வரலாம். எப்படி எழுத வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு நாட்டுக்கு எழுதினீர்கள், அதோடு நிறுத்திவிட்டீர்கள்.

அடுத்து, ஆதாரம். எங்கள் வேலையில் முக்கால்வாசி இதுதான். சட்டத்தின் குறை பிள்ளையின் தலையில் நேராக இறங்குவதும் இங்கேதான்.

பெரும்பாலான தேடல்கள் ஒரு தாயின் நினைவிலிருந்து தொடங்கும். பெயர் என்று கிடைப்பது 'மைக்', 'டெக்ஸ்' போல ஒரு கூப்பிடு பெயர். ஊர் என்று கிடைப்பது ஒரு மாநிலத்தின் பெயர். பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயருக்கு நேரே வெற்றிடம், இல்லாவிட்டால் காதில் கேட்டபடி எழுத்துக்கூட்டிய குடும்பப் பெயர். ஜெர்மானியப் பெயரோ போலந்துப் பெயரோ என்றால் அந்த எழுத்துக்கூட்டலை வைத்து எந்தப் பட்டியலிலும் தேட முடியாது. ஒரு படம் மிஞ்சியிருந்தால் அது பெரிய சொத்து. படத்தில் முகத்தைப் பார்க்கும் முன் தொப்பியைப் பார்க்க வேண்டும்: கப்பலின் பெயரும் எண்ணும் அதில் தைக்கப்பட்டிருக்கும். கிளார்க் தளத்து ஆள் என்றால் தோளிலோ மார்பிலோ படைப்பிரிவின் வட்டச் சின்னம். பின்பக்கம் படம் கழுவிய கடையின் முத்திரை, சில நேரம் தேதி. 1991 ஜூன் 15 அன்று பினட்டுபோ எரிமலை வெடித்தபோது மழையில் நனைந்த சாம்பலின் பாரம் தாங்காமல் கூரைகள் சரிந்தன. படங்களும் கடிதங்களும் அதில் போனது போனதுதான்.

பிறந்த தேதியிலிருந்து 266 நாள் பின்னே போக வேண்டும். குறைமாதப் பிறப்பையும் சேர்த்துக்கொள்ள முன்னும் பின்னும் இரண்டு வாரம் விட வேண்டும். அந்த ஒரு மாதத்தில் எந்தெந்தக் கப்பல் சூபிக்கில் நங்கூரமிட்டிருந்தது என்பதைக் கப்பலின் தினக்குறிப்பேடு சொல்லும். அந்த ஏடுகள் உங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆனால் அவற்றில் மாலுமிகளின் பெயர்ப் பட்டியல் இருக்காது. பெயருக்கும் முகத்துக்கும் அந்தப் பயணத்தின் நினைவு மலர் வேண்டும்: நீண்ட பயணம் முடிந்ததும் கப்பல்காரர்கள் தங்களுக்காக அச்சிடும் படப் புத்தகம் அது. விமானந்தாங்கிக் கப்பல் என்றால் ஐயாயிரம் பேர்வரை. ஐம்பது ஆண்டு கழித்து ஒரு மூதாட்டி அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாய்ப் புரட்டி ஒரு முகத்தில் விரல் வைத்தாலும், அது சட்டத்தின் கண்ணுக்கு ஆதாரமாகாது.

அதனால் டி.என்.ஏ. சோதனை. எச்சில் சேர்க்கும் குழாயின் பக்கவாட்டில் ஒரு கோடு இருக்கும். எச்சில் அந்தக் கோட்டைத் தொட வேண்டும், நுரை கணக்கில்லை. அரை மணி நேரம் முன்னதாகவே சாப்பாடு, தண்ணீர், சிகரெட் எதுவும் கூடாது. வாய் உலர்ந்த வயதானவர்களுக்குக் கால் மணி நேரம்கூட ஆகும். கன்னத்தை வெளியிலிருந்து தேய்த்துவிட்டால் கொஞ்சம் ஊறும். மூடியைத் திருகியதும் அதற்குள் இருக்கும் நீலத் திரவம் இறங்கிக் கலக்கிறதா என்று பார்த்து, ஐந்து வினாடி குலுக்க வேண்டும். குழாயில் அச்சிட்ட எண்ணை இணையத்தில் பதிவு செய்யாமல் அஞ்சலில் சேர்த்தால் ஆய்வகம் அதைத் தொடாது. வீணாகும் குழாய்களில் ஒரு பகுதி இப்படித்தான் வீணாகிறது. பெட்டியின் விலையும் அஞ்சல் செலவும் சேர்ந்தால் ஒலோங்கப்போவில் தினக்கூலிக்கு வேலை பார்ப்பவருக்குப் பல நாள் கூலி.

முடிவு வந்ததும் பார்க்க வேண்டியது சென்டிமார்கன் எண்ணிக்கை, அதாவது இருவருக்கும் பொதுவாக உள்ள டி.என்.ஏ.வின் அளவு. தந்தைக்கும் பிள்ளைக்கும் 3,400க்கு மேல் வரும். ஒரே தந்தை, வேறு தாய் என்றால் சராசரி 1,750. தந்தையின் உடன்பிறந்தாருடைய பிள்ளை என்றால் 870 அளவில். தாத்தாவோடு பிறந்தவருடைய பேரப்பிள்ளை என்றால் 230 சுற்றி. இதில் அமெரேசியர்களுக்கு ஒரு வசதி உண்டு: தாய் வழி முழுக்கப் பிலிப்பினோ என்பதால், ஆய்வகம் தரும் உறவினர் பட்டியலில் வரும் ஐரோப்பிய, ஆப்பிரிக்க அமெரிக்க உறவுகள் எல்லாமே தந்தை வழி. இரண்டு வழியையும் பிரித்தெடுக்க மற்றவர்கள் படும் பாடு இங்கே இல்லை. தந்தை கறுப்பினத்தவர் என்றால் வேறு சுவர் வரும். 1870க்கு முந்தைய உங்கள் மக்கள்தொகைக் கணக்குகளில் அடிமைகளின் பெயரே பதியப்படவில்லை. தூரத்து உறவுகளை இணைக்கும் பொதுப் பாட்டன் பெயர் கிடைக்காமல் தேடல் அங்கேயே நின்றுபோகும். தந்தை உங்கள் கடற்படையில் சேர்ந்த பிலிப்பினோ என்றால் நிலைமை தலைகீழ்: பிள்ளையின் முகத்தில் கலப்பே தெரியாது, தாய் வழியும் தந்தை வழியும் பின்னிக் கிடக்கும். முகத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்யும் முறை இவர்களை விட்டுவிடும் என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறோம்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தாலும் டி.என்.ஏ. ஒரு குடும்பத்தின் வாசல்வரைதான் கொண்டுவிடும். அந்த வீட்டில் மூன்று சகோதரர்கள், அவர்களில் இருவர் படையில் இருந்தவர்கள் என்றால், அந்த மாதம் சூபிக்கில் கரையிறங்கியவர் யார்? அதைச் சொல்லக்கூடியது வீரரின் பணிக் கோப்பு ஒன்றே. அது மிசௌரி மாநிலம் செயின்ட் லூயிஸில், உங்கள் அரசின் பணிக் கோப்பு மையத்தில், உங்கள் அலமாரியில் இருக்கிறது.

அந்த அலமாரியை எப்படிப் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பணியிலிருந்து விலகி 62 ஆண்டு ஆனால்தான் கோப்பு பொதுமக்களுக்குத் திறக்கும். 1975இல் விலகியவருடைய கோப்பு 2037இல். 1992இல் விலகியவருடையது 2054இல். அதற்கு முன் கேட்க வேண்டுமென்றால் வீரர் தானே கேட்க வேண்டும், அல்லது அவர் இறந்திருந்தால் நெருங்கிய உறவினர் கேட்கலாம். மகனும் மகளும் நெருங்கிய உறவினர் பட்டியலில் உண்டு. ஆனால் மகள் என்று நிரூபிக்கக் கோப்பு வேண்டும், கோப்பைக் கேட்க மகள் என்று நிரூபிக்க வேண்டும். இந்த வட்டத்துக்குள் எத்தனை மனுக்கள் சுற்றிச் சுற்றித் திரும்பி வந்திருக்கின்றன என்பது எங்களுக்குத் தெரியும். படிவம் 180இல் முழுப் பெயரோடு பணி எண்ணோ பிறந்த தேதியோ கேட்கிறீர்கள். தரைப்படையும் விமானப்படையும் 1969 ஜூலையிலிருந்தும், கடற்படை 1972 ஜனவரியிலிருந்தும், பணி எண்ணுக்குப் பதில் சமூகப் பாதுகாப்பு எண்ணைப் பயன்படுத்தத் தொடங்கின. பழைய பணி எண்ணை வெளியிடலாம். சமூகப் பாதுகாப்பு எண்ணை வெளியிடக் கூடாது. விளைவு, 1972க்குப் பிந்தைய மாலுமியைத் தேடுவதுதான் அதற்கு முந்தையவரைத் தேடுவதைவிடக் கடினமாகிவிட்டது.

1973 ஜூலை 12 அன்று அந்த மையத்தில் தீப்பிடித்து 1.6 கோடி முதல் 1.8 கோடி கோப்புகள் எரிந்ததைக் காரணம் காட்டும் பதில்கள் இன்றும் வருகின்றன. அந்தத் தீயில் போனவை 1960க்கு முன் விலகிய தரைப்படையினர் கோப்புகளில் 80 விழுக்காடும், 1964க்கு முன் விலகிய விமானப்படையினரில் பெயர் அகரவரிசையில் ஹப்பர்டுக்குப் பின் வருபவர்களின் கோப்புகளில் 75 விழுக்காடும். கடற்படைக் கோப்புகள் எரியவே இல்லை. சூபிக் பிள்ளைகளுக்குத் தீயைக் காரணம் சொல்லாதீர்கள்.

பூட்டைத் திறக்க முடியாது என்பதும் உண்மையல்ல. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் தங்கிய அமெரிக்க வீரர்களின் பிள்ளைகள் வழக்குத் தொடர்ந்து, 1990 நவம்பரில் உங்கள் அரசோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். தந்தை உயிரோடு இருந்தால் கடைசியாகத் தெரிந்த முகவரியின் நகரமும் மாநிலமும், இறந்திருந்தால் முழு முகவரியும் கொடுக்க அரசு ஒப்புக்கொண்டது. முப்பத்தைந்து ஆண்டாக நடைமுறையில் உள்ள வழி இது. ஆனால் முழுப் பெயர் தெரிந்த பிள்ளைக்குத்தான் அது பயன்படும். லண்டன் தாயிடம் பெரும்பாலும் பெயரும் கடிதமும் இருந்தன. ஒலோங்கப்போ தாயிடம் இருந்தது கூப்பிடு பெயர்.

அந்தத் தாய்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியாது. மதுக்கூடங்களில் வேலை பார்த்த பெண்கள் நகராட்சியின் சுகாதார மையத்தில் பதிந்து, பால்வினை நோய்க்குக் குறித்த தவணைகளில் சோதனை செய்துகொண்டு, அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். அந்த மையங்களுக்கு உங்கள் படை உதவி செய்தது. மாலுமிக்கு நோய் தொற்றினால் எந்தப் பெண், எந்தக் கடை என்று தேடிப் பிடிக்கும் ஏற்பாடு இருந்தது. பெண்ணின் பெயர், எண், ரத்தப் பரிசோதனை எல்லாம் ஏட்டில் ஏறிய ஊரில், பிள்ளையின் தந்தை பெயர் மட்டும் ஏறவில்லை. இன்று அதே பெண்ணின் பிள்ளையிடம் ஐயத்துக்கு இடமில்லாத ஆதாரம் கொண்டு வா என்கிறீர்கள்.

கொண்டு வந்தாலும் போதவில்லை. அமெரிக்கத் தாய்க்கு வெளிநாட்டில் மணமின்றிப் பிறந்த பிள்ளைக்குப் பிறப்பாலேயே குடியுரிமை கிடைக்க வழி இருக்கிறது. அமெரிக்கத் தந்தை என்றால், பிள்ளைக்கு 18 வயது நிரம்பும் முன் (பழைய சட்டத்தில் 21) தந்தை சட்டப்படி ஏற்றிருக்க வேண்டும், அல்லது நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்க வேண்டும். கிளார்க் தளத்தின் ஊரான ஏஞ்சலிஸில் 1970இல் பிறந்த பெண்ணின் வழக்கில், மில்லர் எதிர் ஆல்பிரைட், 1998இல் உங்கள் உச்ச நீதிமன்றம் குடியுரிமையை மறுத்தது. தந்தை ஏற்றுக்கொண்டார், டெக்சாஸ் நீதிமன்றம் உறுதி செய்தது, ஆனால் அதற்குள் அந்தப் பெண்ணுக்கு 21 தாண்டிவிட்டது. 2001இல் நுயென் வழக்கு இன்னும் கொடியது. வியட்நாமில் பிறந்து, ஆறு வயது முதல் டெக்சாஸில் தந்தையின் வீட்டிலேயே வளர்ந்தவர். டி.என்.ஏ. 99.98 விழுக்காடு பொருந்தியது. 18 வயதுக்குள் ஒரு தாளில் கையெழுத்து விழவில்லை என்பதற்காக ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் குடிமகன் அல்ல என்று தீர்ப்பானது. சட்டம் உங்களுடையது, அதை மாற்ற வேண்டியதும் நீங்கள்தான். கணக்கைப் பாருங்கள்: தளம் இருந்த காலத்தின் கடைசிப் பிள்ளைக்கு 18 வயது நிரம்பியது 2011இல். மலிவான எச்சில் பரிசோதனை லட்சக்கணக்கான அமெரிக்கர்களிடம் பரவியது 2012க்குப் பிறகு. கருவி வரும் முன்பே கெடு முடிந்துவிட்டது.

1986 நவம்பர் 14க்கு முன் பிறந்தவர்களுக்கு இன்னொரு முள்ளும் உண்டு. தந்தை பத்து ஆண்டு அமெரிக்காவில் இருந்திருக்க வேண்டும், அதில் ஐந்து ஆண்டு 14 வயதுக்குப் பிறகு. அப்படியானால் பிள்ளை பிறக்கும்போது தந்தைக்கு 19 வயது ஆகியிருக்க வேண்டும். பதினெட்டு வயதில் சீருடை மாட்டிக் கப்பலில் அனுப்பினீர்கள். அவன் பிள்ளைக்குக் குடியுரிமை தர மட்டும் அவனுக்கு வயது போதவில்லை.

வீட்டில் செய்த பரிசோதனையைத் தூதரகம் ஏற்காது என்பதையும் பலர் அறியாமல் பணத்தை இழக்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் நேரடியாக அனுப்பும் பெட்டி, சாட்சி முன்னிலையில் கன்னத்தின் உட்புறத்தில் எடுக்கும் மாதிரி, அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவு எல்லாம் வேண்டும். இதில் குறை இல்லை; அடையாள மோசடியைத் தடுக்க அது தேவை. குறை எங்கே என்றால், தந்தை மறுத்தால் மாதிரி கேட்க வழி கிடையாது. அவர் இறந்திருந்தால், பார்த்திராத சகோதரி ஒருத்தி மனமுவந்து கொடுத்தால்தான் உண்டு. வியட்நாம் போருக்குப் போனவர்கள் இன்று எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இருக்கிறார்கள். தந்தையே மனுப் போட்டு, வரிசையில் காத்திருக்கும்போது அவர் இறந்துவிட்டால் மனு தானாகவே ரத்தாகும். கருணை அடிப்படையில் மீட்கலாம் என்று ஒரு வழி இருக்கிறது, ஆனால் அது அதிகாரியின் விருப்பம்.

1987 சட்டத்தில் வந்தவர்களையும் மறந்துவிட வேண்டாம். அவர்களுக்கு நீங்கள் கொடுத்தது குடியேற்ற உரிமை, குடியுரிமை அல்ல. வியட்நாமில் பள்ளிக்கூடம் அண்ட விடாமல் 'புய் தோய்', வாழ்வின் தூசு, என்று ஒதுக்கப்பட்டவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஏராளம். அவர்களை ஆங்கிலத்தில் குடியுரிமைத் தேர்வு எழுதச் சொன்னீர்கள். பலர் இன்றும் குடிமக்களாக இல்லை. இளமையில் செய்த ஒரு குற்றத்துக்குத் தண்டனை முடித்து வெளியே வந்த பின்பும் நாடுகடத்தும் ஆணைக்கு அஞ்சி வாழ்பவர்கள் அவர்களில் உண்டு. அமெரிக்கத் தந்தைக்குப் பிறந்தவர் என்று நீங்களே ஒப்புக்கொண்டு அழைத்து வந்தவர்களை வியட்நாமுக்குத் திருப்பி அனுப்ப எந்த நியாயமும் இல்லை.

இவை முடிந்துபோன கதையும் அல்ல. 2014 ஒப்பந்தத்தின்படி உங்கள் படைகள் மீண்டும் பிலிப்பைன்ஸில் தங்குகின்றன. 2023இல் இடங்கள் ஒன்பதாக உயர்ந்தன. பிறக்கும் பிள்ளைக்குத் தந்தையை எப்படிப் பதிவது என்று அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. வீரர் மறுத்தால் நீதிமன்ற ஆணை கொண்டு வரச் சொல்வதோடு மேலதிகாரியின் கடமை முடிந்துவிடுகிறது. ஆணை வருவதற்குள் வீரர் வேறு கண்டத்தில் இருப்பார்.

நாங்கள் கேட்பவை இவை.

பிலிப்பைன்ஸையும் ஜப்பானையும் சேருங்கள். ஆனால் 1982 சட்டத்தில் சேர்க்காதீர்கள். 1987 சட்டத்தின் மாதிரியில், ஆண்டு ஒதுக்கீட்டுக்கு வெளியே, கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், உயிரோடு இருந்தால் தாய் ஆகியோர் கூடவே வரும் வகையில் தனிச் சட்டம் எழுதுங்கள். பிலிப்பைன்ஸுக்குப் பிறந்த தேதியின் எல்லை 1993 டிசம்பர் 31 ஆகட்டும். ஐந்தாண்டு ஆதரவு உறுதிமொழியை நீக்குங்கள்.

தந்தையின் பெயர் தெரியாவிட்டாலும், தந்தை வழி அமெரிக்க உறவு அங்கீகரிக்கப்பட்ட டி.என்.ஏ. சோதனையில் உறுதியானால் அதையே போதிய ஆதாரமாக ஏற்கும்படி சட்டத்திலேயே எழுதுங்கள். சோதனைச் செலவைத் தூதரகம் ஏற்கட்டும். பரிசோதனைக்கு வழியில்லாதவருக்குத் தாயின் வாக்குமூலம், படம், கப்பல் வந்து போன தேதி ஆகியவற்றைச் சேர்த்து எடைபோடும் நேர்காணல் வேண்டும். 1975இல் சைகோன் விழுந்தபோது படங்களையும் கடிதங்களையும் எரித்துவிட்ட வியட்நாமியத் தாய்களின் பிள்ளைகளை உங்கள் அதிகாரிகள் முகத்தைப் பார்த்தே ஏற்றார்கள். அந்த இரக்கத்தில் கொஞ்சம் இங்கேயும் காட்டுங்கள்.

மணமின்றிப் பிறந்த பிள்ளைக்குத் தந்தை வழிக் குடியுரிமைக்கான 18, 21 வயதுக் கெடுவையும், தந்தைக்கு 19 வயதாகியிருக்க வேண்டும் என்ற விளைவையும் படைவீரர்களின் பிள்ளைகள் மட்டிலாவது நீக்குங்கள். உறவு எந்த வயதில் உறுதியானாலும் பிறந்த நாளிலிருந்தே செல்லட்டும்.

செயின்ட் லூயிஸ் மையத்தில் இந்தப் பிள்ளைகளுக்கென்று ஒரு மேசை வையுங்கள். கப்பல் பெயர், தேதி, குடும்பப் பெயர் என்று கிடைத்த துண்டுகளை வைத்து அரசு ஊழியரே கோப்பில் தேடி, வீரருக்கோ அவர் வாரிசுகளுக்கோ பிள்ளையின் கடிதத்தைச் சேர்க்கட்டும். முகவரியை எங்களுக்குத் தர வேண்டாம். கடிதம் போய்ச் சேர்ந்தால் போதும். 62 ஆண்டு காத்திருக்கும் விதியிலிருந்து இந்தத் தேடலுக்கு விலக்குக் கொடுங்கள்.

1987 சட்டத்தின்படி வந்த அமெரேசியர் ஒவ்வொருவருக்கும் தேர்வின்றிக் குடியுரிமை கொடுங்கள். அதுவரை அவர்கள்மீதுள்ள நாடுகடத்தல் ஆணைகளை நிறுத்தி வையுங்கள். பிலிப்பைன்ஸோடு அடுத்து எந்தப் படை ஒப்பந்தத்தைப் புதுப்பித்தாலும், தந்தைமை கோரப்பட்ட வீரர் நாட்டைவிட்டுக் கிளம்பும் முன் மாதிரி கொடுக்க வேண்டும் என்ற விதியைச் சேருங்கள்.

இதற்கெல்லாம் முன்னதாக, நடப்புக் கூட்டத்தொடர் முடியும் முன் துணைக்குழுவில் ஒரு பொது விசாரணைக்குத் தேதி குறியுங்கள். ஒலோங்கப்போவிலிருந்தும் ஏஞ்சலிஸிலிருந்தும் அமெரேசியர்களையும், உயிரோடு இருக்கும் தாய்களையும் காணொளி வழியாகச் சாட்சி சொல்ல அழையுங்கள். டகாலோக் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யுங்கள். அந்தத் தேதி எது என்ற எழுத்துப் பதிலை 60 நாளுக்குள் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
தந்தையைத் தேடும் அமெரேசியர்களுக்கு உதவும் தமிழ்த் தன்னார்வலர்கள்